கதைக்கும் சனது வேண்டும்

இஷாத் தொழுகைக்குப் பின்னர் வீண் பேச்சில் பொழுதைக் கழிக்கலாகாது என்பது நாம் பயின்ற பாடம். ஆயினும் மனைவி மக்களோடு அமர்ந்து அளவளாவுவதை அறிஞர் பெருமக்கள் அந்த விலக்கினுள் சேர்க்கவில்லை. இரவு நேர உரையாடலுக்கு அரபு மொழியில் 'ஸமர்' என்று தனிப் பெயரே உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் எழிலையும் இயல்பையும் தொகுத்துரைக்கும் 'ஷமாயில்' நூலில் இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் ஸமருக்கென ஒரு பாடம் வகுத்து, அதில் இரு செய்திகளை வைத்துள்ளார்கள்.

ஒன்று, குராஃபா என்பவரைப் பற்றியது. ஜின்கள் அவரைப் பிடித்துச் சென்று, நெடுங்காலம் தம்மிடையே வைத்திருந்து, மீண்டும் மனிதரிடம் விட்டுவிட்டனவாம். அங்குக் கண்ட புதுமைகளை அவர் மக்களிடம் சொல்லி வந்தார். நம்புதற்கரிய கதைக்கு அரபியில் அவர் பெயரே பெயராயிற்று. இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என்பர் ஆய்ந்தோர். மற்றொன்று உம்மு ஸர்உ பற்றியது. பதினொரு பெண்கள் ஓரிடத்தில் அமர்ந்து தத்தம் கணவரின் இயல்பை ஒளிவு மறைவின்றிச் சொல்லிக்கொண்ட கதை அது. அண்ணலாரின் இல்லத்தில் பேசப்பட்ட அக்கதையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. அதன் உறுதியில் ஐயமில்லை.

இவ்வாறு வலுவற்ற செய்தி ஒன்றும் உறுதியான செய்தி ஒன்றும் ஒரே பாடத்தில் அருகருகே நிற்கின்றன. நம் ஆசிரியர்கள் இரண்டையும் ஓதிக் கொடுத்தார்கள். எது எத்தகையது என்பதையும் கூடவே சொல்லிக் கொடுத்தார்கள். கதையைப் பற்றி நாம் கூற விழைவது பெரும்பாலும் அப்பாடத்திலேயே அடங்கியுள்ளது. எனினும் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளில் இருக்கும் நூல்களைக் காணும்போது, அதைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் ஒருவகை நாவல்கள் பெருகியுள்ளன. பள்ளியின் மேல்வகுப்புகளிலும் கல்லூரியிலும் பயிலும் இளையோரை எண்ணி எழுதப்படுபவை அவை. பலரும் அறிந்த பழங்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனினும் பழைய தொன்மங்களை அதனோடு கலந்து, புதிய கதையாக்கித் தருவது அவற்றின் போக்கு. சிண்ட்ரெல்லா போன்ற ஐரோப்பியக் கதைகளோடு நில்லாமல் ஆயிரத்தொரு இரவுகளையும் இவ்வெழுத்தாளர்கள் எடுத்தாண்டுள்ளனர். 2015ஆம் ஆண்டில் மட்டும் ஷஹ்ரஸாத்தின் கதையைத் தழுவி இரு நாவல்கள் வெளிவந்தன. ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ரெனே அஹ்தியே எழுதிய 'தி ராத் அண்ட் தி டான்'. 'சினமும் விடியலும்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மற்றொன்று, கனடா நாட்டு எழுத்தாளர் ஈ. கே. ஜான்ஸ்டன் எழுதிய 'எ தவுசண்ட் நைட்ஸ்'. அதாவது 'ஆயிரம் இரவுகள்'.

இவற்றுள் முதல் நூல் நம் தங்கையின் இல்லத்தில் ஒரு பூசலைக் கிளப்பிவிட்டது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவள் மகள், விடுமுறைக்கு வந்த நாள் முதல் அந்நூலைக் கீழே வைக்கவில்லை. என்ன நூல் என்று தாய் வினவ, சாபம், சூனியம், காதல், கொலை என்று மகள் கதையைச் சொல்லத் தொடங்கியதுமே தாய்க்குத் திகைப்பு ஏற்பட்டுவிட்டது. நூலை வாங்கி நம்மிடம் கொண்டுவந்து, "காக்கா, இது வீட்டில் இருக்கலாமா, கூடாதா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள்" என்றாள்.

மகளின் கவலை வேறாக இருந்தது. "மாமா, தினம் ஒரு பெண்ணை மணந்து விடிந்ததும் கொல்கிற அரசன் கதை உங்கள் சமயத்துக் கதைதானே என்று உடன் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். வகுப்பில் முக்காடு போட்டவள் நான் ஒருத்திதான்; அதனால் என்னைத்தான் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இல்லையென்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றாள்.

கூடாது என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் வழக்கைக் கேளாமல் தீர்ப்புரைப்பது காழிக்கு அழகன்று. ஒரு நாவலைப் படித்து முடிக்கும் அளவுக்கு நமக்கு ஆங்கிலம் வாராது. ஆகவே இரவுதோறும் அவளே படித்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்றும், தாயும் உடனிருந்து கேட்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தோம். எட்டு இரவுகளில் அந்நூல் முடிந்தது. பின்னர் அவள் நூலகத்திலிருந்து கொணர்ந்த மற்றொன்றும் ஐந்து இரவுகளில் முடிந்தது.

நபிமொழிக் கலை பயின்றோர் தம்மிடம் வரும் எந்தச் செய்தியையும் இரு கூறாக நோக்குவர். யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் தொடர் சனது. சொல்லப்பட்ட பொருள் மத்னு. கதை நபிமொழி அன்று. நபிமொழிக்குரிய கடுமையோடு அதை ஆய வேண்டியதில்லை. எனினும் அந்த இரு வினாக்களையும் கதையிடமும் கேட்கலாம் என்று மருமகளிடம் கூறினோம். இதை யார் சொன்னார்? மறுபடி சொல்லும்போது எது மாறிற்று?

முதல் வினாவிலேயே அவளுடைய வகுப்புத் தோழர்களுக்குரிய விடை இருந்தது. பக்தாதின் நூல்வணிகர் இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், தாம் தொகுத்த 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில், இக்கதைத் தொகுதிக்கு மூலம் 'ஹஸார் அஃப்ஸான்' என்னும் பாரசீக நூல் என்று குறித்துள்ளார். ஆயிரம் கதைகள் என்பது அதன் பொருள். அந்நூலை முழுமையாகக் கண்டதாகக் கூறும் அவர், அதைச் சுவையற்றதென்றும் மதிப்பிட்டுள்ளார்! ஜஹ்ஷியாரீ என்னும் அறிஞர் அரபியர், பாரசீகர், கிரேக்கர் முதலியோரின் கதைகளைத் திரட்டி ஆயிரம் இரவுகளுக்கு ஒரு நூல் செய்யத் தொடங்கி, 480 இரவுகள் வரை எழுதி மறைந்தார் என்ற தகவலும் அந்நூலில் உண்டு. ஆயிரம் இரவுகளின் மிகப் பழைய ஏட்டுத் துண்டு ஒன்றை நபியா அபட் என்னும் பெண் அறிஞர் ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார். அந்தத் தாளில் பின்னர் யாரோ கிறுக்கிய எழுத்துகளில் ஹிஜ்ரி 266 என்னும் ஆண்டு காணப்படுகிறது.

ஆகவே இக்கதை எந்தச் சமயத்தின் வேதக் கதையும் அன்று. பாரசீகத்தில் வேர்விட்டு, பக்தாதிலும் ஷாமிலும் மிஸ்ரிலும் கிளைவிட்ட மரம் அது. முஸ்லிம்கள் அதை வளர்த்தார்கள். அவர்களுடைய அங்காடிகளும் நீதிமன்றங்களும் தொழுகைகளும் அதனுள் புகுந்தன. நம் வீட்டு முற்றத்தில் வளர்ந்த மரம் என்று அதைச் சொல்லலாம். நம் மார்க்கத்தின் கட்டளை என்று சொல்லலாகாது. இவ்வளவையும் கேட்ட மருமகள் ஒரு குறிப்பேட்டை எடுத்து ஆண்டுகளை எழுதிக்கொண்டாள்.

சனது தேடும் வழக்கம் இல்லாமையால் நேர்ந்த அநீதி ஒன்றையும் அவளுக்குச் சொன்னோம். அலாவுதீனையும் அலிபாபாவையும் அறியாத தமிழர் இலர். 1956இல் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக அலிபாபா நம் பட்டிதொட்டிகளுக்கெல்லாம் அறிமுகமானவன். ஆயினும் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபு ஏடுகளில் இவ்விரு கதைகளும் இல்லை. பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் 1704 முதல் தம் மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டு வந்தார். கையிலிருந்த அரபு ஏட்டின் கதைகள் தீர்ந்த நிலையில், 1709இல் பாரிஸ் நகரில் ஓர் இளைஞரைச் சந்தித்தார். ஹலப் நகரிலிருந்து வந்த மரோனிய கிறித்தவரான ஹன்னா தியாப் அவர். அலாவுதீன், அலிபாபா, இளவரசர் அஹ்மத் முதலிய கதைகளைச் சொன்னவர் அவரே. கலான் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அச்சிட்ட தொகுதிகளிலோ ஹன்னாவின் பெயர் இடம்பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்குறிப்பு ஆராயப்பட்ட பின்னரே அறிஞர் உலகம் அவரை அறிந்தது. முதுமையில் அவர் அரபியில் எழுதிய பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, 2015இல் பிரெஞ்சிலும் 2021இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. இரவுக் கதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவருக்குத் தாம் கதைகள் சொன்னதை அவர் அதில் எளிமையாகக் குறிப்பிட்டுள்ளார்.

உலகமே அறிந்த கதையைச் சொன்ன ஒருவரின் பெயர் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. ஒரு சிறு செய்திக்கும் 'இன்னார் எமக்கு அறிவித்தார்' என்று பெயர் சொல்லித் தொடங்கும் மரபில் வந்த நமக்கு இது உறுத்தாமல் இராது. அவர் முஸ்லிம் அல்லர் என்பதால் அந்த உறுத்தல் குறைவதில்லை. உரியவருக்கு உரியதைக் கொடுத்தல் நம்மீது கடமை.

சனதை ஆராய்ந்தால் வேறு பயன்களும் உண்டு. விளக்கின் பூதம் மூன்று வரங்கள் மட்டுமே தரும் என்று நம் பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். கலானின் நூலில் அப்படியொரு வரம்பே இல்லை. பிற்காலத்தார் சேர்த்த அதை உலகெங்கும் பரப்பியது 1992இல் வந்த டிஸ்னி நிறுவனத்தின் படம். 'சினமும் விடியலும்' நூலில் பறக்கும் கம்பளம் வருகிறது. அக்கம்பளத்தின் தொடரைப் பின்னோக்கித் தேடினால் ஹன்னா சொன்ன இளவரசர் அஹ்மதின் கதையில் போய் நிற்போம். அதில் மூத்த இளவரசர் ஹுசைன் அதை விலைக்கு வாங்கிய ஊர் பிஸ்னகர். அது நம் தென்னாட்டு விஜயநகரமே என்பர். ஷஹ்ரஸாத்தைத் தேடிப் புறப்பட்டவளுக்குத் தன் ஊருக்கு அருகிலேயே ஒரு நூல்முனை அகப்பட்டது கண்டு மருமகள் வியந்து சிரித்தாள்.

கலப்பதே குற்றம் என்போரும் நம்மிடையே உளர். தங்கையும் முதலில் அவ்வாறே எண்ணினாள். ஆனால் ஆயிரத்தொரு இரவுகளே கலவையால் ஆனதுதான். வலைஞன் வலையில் அகப்பட்ட செம்புக் குடத்திலிருந்து ஜின் வெளிப்படும் கதை அதன் பழைய ஏட்டில் உள்ளது. அந்த ஜின் நபி ஸுலைமான் (அலை) அவர்களால் சிறையிடப்பட்டது என்கிறது கதை. ஸுலைமான் (அலை) அவர்களுக்கு ஜின்கள் பணிந்து வேலை செய்ததும், சில விலங்கிடப்பட்டதும் திருமறை கூறும் செய்திகள். அந்தப் பழஞ்செய்தியில் ஓர் இழையை எடுத்துக் கதைசொல்லி தன் வலைஞனின் வலையோடு பின்னிவிட்டான்.

நம் தமிழ் முன்னோரும் இதையே செய்தார்கள். இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. 1572ஆம் ஆண்டினது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் கேட்ட வினாக்கள் என்னும் மரபை ஒட்டிப் பாரசீக வழியில் வந்த நூல் அது. அதே மரபு மலாயிலும் ஜாவாவிலும் வெவ்வேறு கோலங்களில் வழங்கி வந்தது. கலீபா ஹாரூன் ரஷீதின் அவையில் அறிஞர்கள் அனைவரையும் விடையால் வென்ற தவத்துது என்னும் அடிமைப் பெண்ணின் கதை ஆயிரத்தொரு இரவுகளில் உண்டு. அறிஞர்களின் வினாக்களுக்கு அடிமைப் பெண் விடையிறுக்கும் நம் 'வெள்ளாட்டி மசலா' அம்மரபின் தமிழ் வடிவமே. உமறுப் புலவர் 5027 பாடல்களால் சீறாப்புராணம் பாடியபோது அரபு நாட்டுக்கே மழையும் ஆறும் வயலும் தந்து தமிழ் மருதமாக்கினார். கேட்டோர் எவரும் அதைப் பொய்யென்று தள்ளவில்லை. காப்பிய மரபு என்று அறிந்து சுவைத்தனர்.

கேட்போர் அறிந்து சுவைத்தனர் என்பதே இங்கு முக்கியம். எது மரபுச் செய்தி, எது புலவரின் புனைவு என்று சொல்லிக் கொடுக்கும் ஆலிம்களும் மூத்தோரும் அவையில் இருந்தனர். அவர்கள் இல்லாத இடத்தில் கதை மார்க்கமாகிவிடும். இந்த ஆபத்தை நம் முன்னோர் கண்டு அஞ்சினர். பள்ளிவாசல்களில் கதை சொல்லிப் பிழைத்தவர்களைப் பற்றி ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) ஒரு தனி நூலே எழுதியுள்ளார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் பக்தாதின் ஒரு பள்ளியில் இருந்தபோது, கதைசொல்லி ஒருவன் அவ்விருவர் பெயரையே சனதாகச் சொல்லிப் பொய்ச் செய்தி ஒன்றை அவிழ்த்துவிட்டானாம். நாங்களே அவர்கள், இதை நாங்கள் சொல்லவில்லையே என்று அவர்கள் கேட்க, உலகில் உங்களைத் தவிர வேறு அஹ்மத் இப்னு ஹன்பல் இல்லையா, பதினேழு பேரிடம் நான் எழுதியிருக்கிறேன் என்றானாம் அவன். சுவையான இந்த நிகழ்ச்சி நூல்தோறும் காணப்படுகிறது. ஆனால் இதன் சனதையே இமாம் தஹபீ (ரஹ்) ஏற்கவில்லை! பொய்க் கதையைச் சாடும் கதைக்கும் சனது கேட்டார்கள் நம் முன்னோர்.

நம் இல்லங்களிலேயே இதற்குச் சான்று தேடலாம். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறை மிக அழகிய வரலாறு என்று போற்றுகிறது. அவரை விரும்பிய பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டால் ஜுலைகா என்று சிறு பிள்ளையும் சொல்லும். திருமறையில் அப்பெயர் இல்லை. அஸீஸின் மனைவி என்பதே அங்குள்ளது. முதுமையுற்ற அவள் மீண்டும் இளமை பெற்று யூசுப் (அலை) அவர்களை மணந்தாள் என்பதும் திருமறைச் செய்தி அன்று. விரிவுரைகளில் புகுந்த பழங்கதைகளும், 1483இல் பாரசீகத்தில் காவியம் பாடிய ஜாமீ முதலிய பெரும் புலவர்களும் நமக்குத் தந்தவை அவை. தமிழில் சாரண பாஸ்கரனின் 'யூசுப் ஜுலைகா'வைப் படித்து உருகியோர் நம்மில் பலர். உருகலாம். ஆனால் எது இறைவாக்கு, எது கவிவாக்கு என்னும் எல்லையைப் பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும்.

இனி இரண்டாம் வினா. மறுபடி சொல்லும்போது எது மாறிற்று?

1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் பதிப்பிக்கப்பட்ட ஆயிரத்தொரு இரவுகளில் அரசன் ஷஹ்ரியார் தன் மனைவியின் துரோகத்தைக் கண்டு, பெண்குலம் முழுவதன்மீதும் வஞ்சினம் கொள்கிறான். மூன்றாண்டுகள் கொலை நடக்கிறது. பெண்மக்களோடு மக்கள் ஊரைவிட்டு ஓடுகின்றனர். அமைச்சரின் மகள் ஷஹ்ரஸாத், தான் பிழைத்தாலும் பிழைக்கலாம், இல்லையேல் முஸ்லிம்களின் பெண்மக்களுக்கு ஈடாகத் தன் உயிர் போகட்டும் என்று தானே முன்வருகிறாள். இறுதியில் அரசன் அமைச்சரிடம், மக்களின் பெண்களைக் கொன்ற செயலிலிருந்து தான் தவ்பாச் செய்ய உம் மகளே காரணம் என்று ஒப்புக்கொள்கிறான். அரபு மூலத்தில் தவ்பா என்ற சொல்லே உள்ளது. கதையின் உயிர் அச்சொல்லில் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

புதிய நாவல்களில் என்ன நேர்ந்தது? 'சினமும் விடியலும்' கதையில் குராசானின் இளம் கலீபா காலித் கொல்வது வஞ்சினத்தால் அன்று. இறந்துபோன முதல் மனைவியின் தந்தை இட்ட சாபத்தால். நூறு விடியல்களில் நூறு பெண்கள் சாகாவிடில் நகரமே அழியும் என்பது சாபம். 'ஆயிரம் இரவுகள்' கதையிலோ அரசனின் உடலைத் தீய சக்தி ஒன்று கைப்பற்றிக்கொண்டது, கொல்வது அதுவே. ஒரே ஆண்டில், ஒருவரையொருவர் பாராது எழுதிய இருவரும் பழைய தொன்மங்களிலிருந்து ஒன்று சாபத்தையும் மற்றொன்று பேயையும் எடுத்து, அரசன் தலையில் இருந்த பாவச் சுமையை இறக்கி வைத்துள்ளனர். அரசனைக் காதலுக்குரியவனாக்க வேண்டும். காதலுக்குரியவன் கொலைகாரனாக இருத்தல் ஆகாது. ஆகவே குற்றம் வேறெங்கோ போகிறது.

கலவையில் நாம் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். சாபம் என்பதோ, சூனியம் என்பதோ கதையில் வருவதற்காக அஞ்சவில்லை. ஆதம் (அலை) அவர்களும் அன்னை ஹவ்வாவும் பிழை நேர்ந்தபோது, எங்களுக்கு நாங்களே தீங்கிழைத்துக்கொண்டோம் என்று முறையிட்டதையும், இப்லீஸ் தன் வழிகேட்டை இறைவன்மீதே சுமத்தியதையும் திருமறை ஒரே அத்தியாயத்தில் அருகருகே காட்டுகிறது. தீர்ப்பு நாளில் ஷைத்தானும், உங்களை நான் அழைத்தேன், நீங்களே வந்தீர்கள், என்னைப் பழியாதீர்கள் என்று கைவிரித்து விடுவான் என்பது 14ஆம் அத்தியாயத்தின் செய்தி. அஸீஸின் மனைவியைக் கவிகள் எவ்வளவு அழகு செய்தாலும், திருமறையில் அவளுக்குப் பெருமை தருவது, நானே அவரை வேண்டினேன், அவர் உண்மையாளர் என்று அவையறியச் சொன்ன அந்த ஒப்புதல்தான். பழியைப் பேய்மீது போட்டுவிட்டால் தவ்பாவுக்கு இடமேது?

இதை நாம் கூறியபோது மருமகள் உடன்பட்டுவிடவில்லை. "மாமா, பழைய கதையில் செத்துப்போன பெண்களுக்கு ஒரு பெயர்கூட இல்லையே. இந்த நூலில் ஷஹ்ரஸாத் தன் தோழி ஷிவாவைக் கொன்றதற்குப் பழிவாங்கத்தான் அரண்மனைக்கே போகிறாள். காலித் ஒவ்வொரு பெண்ணின் குடும்பத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறான். ஷஹ்ரியார் யாருக்காவது ஒரு கடிதம் எழுதினானா?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய கதையின் குறையை இளம் கண் ஒன்று கண்டுகொண்டது. மூன்றாண்டுகள் மடிந்த பெண்களை எவரும் பெயர் சொல்லி அழவில்லை. அரசன் மனம் மாறியதும் நகரம் விழாக் கொண்டாடுகிறது. மறுபடி சொல்வோர் இத்தகைய இடங்களில் மூலத்தினும் சிறந்து விளங்க முடியும் என்பதை நாம் மனமார ஏற்றோம்.

பின்னர் அவளையே ஒன்று கேட்டோம்: "அந்தக் கடிதங்களை அவன் அனுப்பினானா, மகளே?" சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இல்லை மாமா, பூட்டித்தான் வைத்திருந்தான். ஷஹ்ரஸாத்தான் கண்டெடுக்கிறாள்" என்றாள்.

தவ்பாவுக்குரிய நிபந்தனைகளை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வகுத்துரைத்துள்ளார்கள். பாவத்தை விட்டுவிடுதல், செய்ததற்கு வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதி பூணுதல் ஆகிய மூன்று. மற்றொரு மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அவ்வுரிமையை உரியவரிடம் சேர்த்தல் நான்காவது. எழுதிய கடிதம் வாசலைத் தாண்டாதவரை நான்காவது நிறைவேறவில்லை. மேலும், நகரத்தைக் காப்பதற்காகக் கொன்றேன் என்னும் வாதமும் நம் சட்ட நூல்களில் நில்லாது. கட்டாயத்துக்கு உட்பட்டவனுக்குப் பல விலக்குகள் உண்டு. குற்றமற்ற மற்றோர் உயிரைப் பறிக்க மட்டும் அனுமதி இல்லை. தன் உயிரைவிடப் பிறர் உயிர் மலிவானதன்று. இவ்வாறு ஒரு நாவல் வழியாக ஃபிக்ஹின் நுட்பமான பாடம் ஒன்று அன்றிரவு அவ்வீட்டில் ஓதப்பட்டது. மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் நாம் நடத்திய பாடத்தை, அதற்குமுன் இவ்வளவு ஆவலோடு எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

நூல் வீட்டில் இருக்கலாம் என்று தங்கையிடம் கூறினோம். அவளும் அதற்குள் கதையின் முடிவை அறியும் ஆவலில் மகளுக்கு முன்பே வந்து அமரத் தொடங்கியிருந்தாள். உடன் ஒரு சொல்லும் சேர்த்தோம். ஜின்களுள் நல்லோரும் உளர், அல்லோரும் உளர், அவையும் நம்மைப்போல் விசாரிக்கப்படும் படைப்பே என்பது 72ஆம் அத்தியாயத்திலிருந்து அவள் அறிந்திருக்கட்டும். விளக்கைத் தேய்த்தால் வரும் பூதம் கதை என்பதும் அறிந்திருக்கட்டும். இரண்டையும் அறிந்தவள் எந்தக் கதையைப் படித்தாலும் அவளுக்கு ஊறு நேராது.

நம் குடும்பங்கள்தோறும் இன்று இத்தகைய நூல்கள் வந்து சேர்கின்றன. கைப்பேசியிலும் திரையிலும் வரும் கதைகளை எண்ணி முடியாது. அவற்றை எல்லாம் கதவடைத்துத் தடுக்க எந்தப் பெற்றோராலும் இயலாது. நூலைப் பறித்தால் பிள்ளை வேறிடத்தில் படிக்கும். அருகில் அமர்ந்து விளக்கம் சொல்ல அங்கே எவரும் இரார். பறிப்பதைவிட, எனக்கும் சொல் என்று கேட்பது நன்று. யார் சொன்னது, எது மாறிற்று என்னும் இரு வினாக்களையும் பிள்ளை தானே கேட்கப் பழகிவிட்டால், கதை மட்டுமன்றி, நாள்தோறும் காதில் விழும் வதந்தியும், மார்க்கத்தின் பெயரால் பரப்பப்படும் பொய்ச் செய்தியும் அதனிடம் எளிதில் செல்லா. சனதின் பயன் மதரஸாச் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று.

எழுதும் ஆற்றல் பெற்ற நம் இளையோரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஷஹ்ரஸாத்தை அமெரிக்காவும் கனடாவும் மறுபடி சொல்லிவிட்டன. அவையெல்லாம் அறிஞரை விடையால் வென்ற வெள்ளாட்டியை, நம் மசலாக்களிலும் கிஸ்ஸாக்களிலும் நாமாக்களிலும் காத்திருக்கும் எத்தனையோ மாந்தரை, இன்றைய தமிழில் இளையோருக்காக எவர் மறுபடி சொல்லப் போகிறார்? சொல்லுங்கள், தாராளமாகக் கலந்து சொல்லுங்கள். முன்னுரையில் மட்டும், இது நாம் பெற்றது, இது நாம் சேர்த்தது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். கதையில் எவன் பாவம் செய்தானோ அவனையே அதற்கு விடை சொல்ல விடுங்கள்.

கதை கேட்கும் செவியையும் உண்மை அறியும் உள்ளத்தையும் நம் மக்களுக்கு இறைவன் ஒருங்கே அருள்வானாக. ஆமீன்.